பிளம் வில்லேஜா அமராவதியா? ரெண்டுலயும் தங்கிட்டு வந்து எழுதுறேன்

அமராவதின்னதும் உடுமலைப்பேட்டை டேம் ஞாபகம் வந்தா தப்பில்ல, ஆனா இது இங்கிலாந்துல ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் பக்கத்துல இருக்கிற பௌத்த மடம். தாய்லாந்து காட்டு மரபுல, அதாவது காட்டுல தங்கித் தியானம் பண்ற பிக்குங்க வழில, பேர்பெற்ற அஜான் சாங்கற குருவோட அமெரிக்க சீடர் அஜான் சுமேதோ 1984ல ஆரம்பிச்சது. பிளம் வில்லேஜும் பௌத்த மடம்தான், பிரான்ஸ்ல, பெர்ஜராக் பக்கம். வியட்நாம் குரு திக் நாட் ஹானும் சிஸ்டர் சான் காங்கும் 1982ல ஆரம்பிச்சாங்க. அமராவதில மூணு தடவை தங்கியிருக்கேன், பிளம் வில்லேஜ்ல ஒரே ஒரு வாரம்தான், அதனால என் தராசு கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கும், முதல்லயே சொல்லிடறேன்.

போற வழி: லண்டன்ல இருக்கிறவங்களுக்கு அமராவதி யூஸ்டன்ல ரயிலேறினா அரை மணி நேரம், அப்புறம் டாக்ஸி. பிளம் வில்லேஜ்னா செயின்ட் ஃபுவா லா கிராண்ட் ஸ்டேஷன் வரைக்கும் போகணும், ஒரு நாள் அதுலயே போயிடும். சாப்பாடு, பேச்சுத்துணை, குழந்தைங்க, இது மூணுலயும் பிளம் வில்லேஜ்தான். சாப்பாடு முழுக்க வீகன், மூணு வேளையும் உண்டு, கோடைல குடும்பத்தோட வரலாம், நடு நடுவுல மணி அடிச்சா எல்லாரும் அப்படியே நின்னு மூச்சைக் கவனிப்பாங்க, கரண்டில சாம்பாரு மாதிரி எதையோ அள்ளிட்டிருந்தவர் கூட கரண்டியைத் தூக்கினபடியே நின்னாரு, முதல் நாள் எனக்குச் சிரிப்பு, மூணாவது நாள் அந்த மணிக்காகவே காத்திருந்தேன். அமராவதில எட்டு சீலம், அதாவது தங்கறவங்க கடைப்பிடிக்கிற எட்டு ஒழுக்க விதி, அதனால மதியத்துக்கு மேல சாப்பாடு கிடையாது. சாயங்காலம் டீயோட ஒரு துண்டு கறுப்பு சாக்லேட் கிடைச்சா அதிர்ஷ்டம்.

இவ்ளோ சொல்லிட்டும் ஏன் அமராவதிங்கறேன்னா, காசுதான். மிச்சம் பிடிக்கிறதைச் சொல்லல. பிளம் வில்லேஜ்ல ரூமைப் பொறுத்து இவ்ளோன்னு கட்டணம், அவ்ளோ பேருக்குச் சமைச்சுப் போடணும்ல, நியாயம்தான். ஆனா காசு கட்டின உடனே எனக்குள்ள இருக்கிற கஸ்டமர் முழிச்சுக்கிறான். பக்கத்து கட்டில்காரர் குறட்டை விடறாரு, ஹீட்டர் சரியா சுடல, கட்டின காசுக்கு இதுவான்னு ராத்திரி பூரா மனசு பில் போட்டுட்டே இருந்துச்சு. குத்தம் அவங்க மேல இல்ல, என் மேலதான்.

அமராவதில தங்கறதுக்கு பில்லே கிடையாது. பிக்குங்க காசைத் தொடமாட்டாங்க, சமைக்கமாட்டாங்க, நாளைக்குன்னு சாப்பாடு எடுத்து வைக்கவும் கூடாது, யாராவது கையால எடுத்துக் குடுத்தாத்தான் சாப்பிடவே முடியும். யாரும் வரலைன்னா அன்னிக்குப் பட்டினிதான், விதி அப்படி. ரெண்டாவது தடவை போனப்ப காலைல கிச்சன்ல கேரட் வெட்டிட்டிருந்தேன், ஒரு சிங்களக் குடும்பம் கிரிபத்தும் (தேங்காப்பால் சோறு) பருப்பும் கொண்டாந்திருந்தாங்க, அந்தப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு பாத்திரத்தோட ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாங்க. ரெண்டு பேருமா தூக்கி பிக்கு கைல குடுத்தோம். வெயிட்டே இல்லாத பாத்திரம், எனக்குக் கை நடுங்கிச்சு. மூப்பு வரிசைல பிக்குங்க எடுத்துட்டுப் போன அப்புறம் மிச்சத்தை நாங்க சாப்பிட்டோம். யாரோ யாருக்கோ கொண்டாந்த சோத்துல எனக்கும் ஒரு பங்கு, அதைத் தின்னுட்டு மெத்தை சரியில்லன்னு எந்த வாயால சொல்றது? அன்னிக்கு ராத்திரியும் பக்கத்துல குறட்டைதான், தூங்கிட்டேன்.

இதுல எனக்குத் தெரியாத பகுதியும் இருக்கு. அமராவதி ரிட்ரீட் சென்டர்ல தனியா நடக்கிற பத்து நாள் ரிட்ரீட், அதாவது தியான முகாம், நான் உக்காந்ததில்ல, மடத்து விருந்தாளியா மட்டும்தான் தங்கியிருக்கேன். அழுது தீர்க்க ஒரு துக்கத்தோட போறவங்களுக்கு பிளம் வில்லேஜ்ல வட்டமா உக்காந்து மனசுவிட்டுப் பேசறது உதவும்னு தோணுது, அமராவதில நாலு மணிக்கு எழுந்து நீங்களும் உங்க மனசும்தான்.

போறதா இருந்தா ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் அமராவதில குளிர்கால ரிட்ரீட், விருந்தாளிங்க தங்க முடியாது, ஏப்ரலுக்கு மேல பாருங்க. கிளம்பற அன்னிக்கு டொனேஷன் பாக்ஸ் முன்னாடி நிக்கணும், எவ்ளோன்னு யாரும் சொல்லமாட்டாங்க, யாரும் பாக்கவும் மாட்டாங்க. நான் பர்ஸைத் திறந்து மூடி திறந்து, டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னேன்.