4,200 ரூபாய்க்குத் திருட்டு ப்ளூ-ரே: இறக்குமதி டிஸ்க் வாங்குவோர் கவனிக்கவும்

ஹாலிவுட் இயக்குநர் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ படத்தின் பிரிட்டன் ப்ளூ-ரே பதிப்பு என்று சொல்லி, கணினியில் பதிவுசெய்த திருட்டு நகல் ஒன்றை எனக்கு அனுப்பி, 4,200 ரூபாயை வாங்கிக்கொண்டு, இப்போது பதில் சொல்லவும் மறுக்கும் ஒரு விற்பனையாளரைப் பற்றியும், அவருக்குக் கடை விரிக்க இடம் கொடுத்திருக்கும் இணையச் சந்தையைப் பற்றியும் எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களைச் சொல்லவில்லை. பழைய புத்தகம் முதல் வெளிநாட்டுக் கேமரா வரை எவரும் எதையும் விற்கக்கூடிய பெரிய சந்தைகளில் அது ஒன்று என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பேய்ப்படத்துக்கு 4,200 ரூபாயா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1951இல் வந்த படத்தின் ரீமேக் என்று அறியப்படும் இந்த 1982 படம், உண்மையில் இரண்டுக்கும் மூலமான ஜான் டபிள்யூ. கேம்பெல்லின் 1938ஆம் ஆண்டுக் குறுநாவலுக்கே அதிகம் நெருங்கியது. சிறப்பு ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டீன் தம் இருபதுகளின் தொடக்கத்தில், கணினி வரைகலை எதுவுமின்றி, ரப்பரையும் வேதிப்பொருள்களையும் கொண்டு கையாலேயே உருவாக்கிய, மனிதனாகவும் நாயாகவும் உருமாறும் ஜந்துவின் உருவங்கள் அதில் இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அவற்றை முழு வெளிச்சத்தில் காட்டாமல், பாதி இருளிலும் பாதி ஈரப்பளபளப்பிலும் நிறுத்தியதால்தான் அவை இன்றும் நம்பும்படி இருக்கின்றன. இருட்டுக்குள் இருக்கும் நுணுக்கம் தெரியாவிட்டால் இந்தப் படத்தைப் பார்த்ததாகவே கொள்ள முடியாது. 2017இல் பிரிட்டனில் வெளிவந்த பதிப்பு, மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் ஸ்கேன் செய்யப்பட்டு, கார்பென்டரும் கண்டியும் ஒப்புதல் அளித்தது. நான் பணம் கொடுத்தது அதற்காகத்தான்.

விற்பனையாளர் சாதாரண ஆளாகப் பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். விளம்பரத்தில் அட்டைப்பெட்டியை முன்னும் பின்னும் முதுகுமாகப் படமெடுத்துப் போட்டிருந்தார். நான் விசாரித்தவுடனே, “சார், இது பி மண்டல டிஸ்க். இந்தியா சி மண்டலம். உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் வாசிக்குமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள், பிறகு சங்கடம் வேண்டாம்” என்று அவராகவே எழுதினார். (பல ப்ளூ-ரே டிஸ்க்குகள் ஏ, பி, சி என்று உலகப் பகுதிவாரியாகப் பூட்டப்பட்டிருக்கும்; அந்தந்த மண்டலத்துப் பிளேயரில்தான் ஓடும்.) விற்றால் போதும் என்று நினைப்பவன் வாங்க வந்தவனைத் தடுத்து இப்படிக் கேட்பானா? என் பிளேயர் எல்லா மண்டலமும் வாசிக்கும் என்றேன். படம் ஓடும்போதே கார்பென்டரும் நாயகன் கர்ட் ரசலும் சேர்ந்து பேசும் வர்ணனைத் தடம் இதில் உண்டு, பழைய பதிப்பில் முகங்கள் மெழுகுபோல வழவழவென்று தெரிந்த தோற்றம் இதில் இல்லை, கடைசிப் பிரதி, சீல் உடைக்காதது என்று அடுக்கினார். அந்த இரவே 4,200 ரூபாயைச் சந்தையின் வழியாகவே கட்டினேன்.

பார்சல் வந்தது. சீல் இருந்தது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கையில் எடுத்தவுடன், மேற்பக்கத்துப் படத்தின் கறுப்பு மை என் கட்டைவிரலில் ஒட்டியது. நிறுவனங்கள் அச்சிடும் டிஸ்க்கில் மை இப்படி விரலோடு வராது; இது இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் செம்பு கலந்த கருமையாக இருந்தது. ஆலையில் அச்சான ப்ளூ-ரே வெள்ளியாக மின்னும். நடுத்துளையைச் சுற்றி அச்சாலைக் குறியீடு பொறித்திருக்கும். இதில் அந்த இடத்தில், வெற்று டிஸ்க் விற்கும் கம்பெனியின் வரிசை எண் மட்டும் இருந்தது. பிளேயரை ஏ மண்டலத்துக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. சி மண்டலத்துக்கு மாற்றினேன், அதிலும் ஓடியது. எந்த மண்டலத்தைக் காட்டி என் நம்பிக்கையை வாங்கினாரோ, அந்த மண்டலப் பூட்டே டிஸ்க்கில் இல்லை.

படம் அதைவிட மோசம். பனாவிஷன் அனமார்ஃபிக் லென்ஸில், உயரத்தைவிட இரண்டேகால் மடங்குக்கும் மேலான அகலத்தில் எடுத்த படத்தை, டிவித் திரை நிரம்ப வேண்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். ஏறத்தாழக் கால்வாசி அகலம் காணாமல் போயிற்று. ரத்தப் பரிசோதனைக் காட்சியில் யார் மனிதன், யார் அந்த ஜந்து என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாக நாம் தேட வேண்டும். இங்கே ஓரத்தில் இருப்பவர் ஒரு காதும் தோளுமாகத்தான் தெரிகிறார். நாய்க்கூண்டுக் காட்சியின் இருள், தரைக்குப் பதித்த ஓடுபோலச் சதுரம் சதுரமாக உடைந்து நெளிகிறது. தொடக்கத்தில் பனிவெளியில் ஹெலிகாப்டர் நாயைத் துரத்தும்போது வானம் பட்டை பட்டையாகப் பிரிகிறது. ஒலி வெறும் இரண்டு சேனல். வர்ணனைத் தடம் இல்லை, ஆவணப்படம் இல்லை, ஆங்கில சப்டைட்டில்கூட இல்லை. அந்தக் காலத்தில் நடைபாதையில் திருட்டு விசிடி விற்றவர், “திருட்டுப் பிரிண்ட்தான், முப்பது ரூபாய்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் விற்றார். இவர் 4,200 ரூபாய் வாங்கினார்.

படங்களுடன் எழுதிக் கேட்டேன். முதல் பதில்: “டிவி செட்டிங்கை மாற்றிப் பாருங்கள் சார்.” அடுத்தது: “1982இல் எடுத்த படம், அப்படித்தான் இருக்கும்.” மை ஒட்டிய விரலின் படத்தை அனுப்பியதும், “மண்டலம் பொருந்தாததால் தரம் குறையலாம்” என்றார். மண்டலம் பொருந்தாவிட்டால் டிஸ்க் ஓடாது, அவ்வளவுதான். தரம் குறையும் என்பது பச்சைப் பொய், அது அவருக்கும் தெரியும். பிறகு, சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். சீலை உடைக்காமல் உள்ளே இருப்பதை நான் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை, என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

சந்தையின் வாடிக்கையாளர் சேவை இன்னொரு நாடகம். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள்; நல்லவேளையாக இருந்தது, அனுப்பினேன். “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரே வாக்கியம் வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டிருந்தது. கடைசியில், “பெறப்பட்ட பொருள் விளம்பர விவரத்துடன் பொருந்துகிறது” என்று புகாரை மூடிவிட்டார்கள். பெட்டியில் இருந்த படத்தின் பெயரும் விளம்பரத்தில் இருந்த பெயரும் ஒன்று. அதை மட்டும் ஒப்பிட்டிருக்கிறார்கள். குறைதீர் அதிகாரியின் முகவரியைத் தளத்தின் அடியில் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலிப் பொருளையோ, விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்துவிட்டேன். என் 4,200 ரூபாய் இன்னும் வரவில்லை.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கும் எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. அட்டைப்பெட்டியின் படத்தை நம்பாதீர்கள், டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீல் காரணம் காட்டி மறுத்தால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது கண்டிப்பாக வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். அந்த விற்பனையாளர் இன்று காலை வேறொரு பேய்ப்பட ரீமேக்கை, இதுவும் கடைசிப் பிரதி, சீல் உடைக்காதது என்று 3,900 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்.