ஹெரிங்போனா, மட் ட்ரேப்பா? பழைய வற்றுப்பெருக்கு மணலை எதை வச்சு நம்புறது

மணற்கல்லில குறுக்குப் படை (சாய்வாப் படிஞ்ச மணல் அடுக்கு) ரெண்டு பக்கமும் சாஞ்சு மீன் முள்ளு மாதிரித் தெரிஞ்சா, அதான் ஹெரிங்போன், உடன "டைடல்" (வற்றுப்பெருக்கில படிஞ்சது) எண்டு நோட்டில எழுதுற பழக்கம் எங்கட பெடியளிட்ட நல்லா ஊறிப்போச்சு. கொழும்பில இருந்து படிக்கிற ஆக்களுக்கு இதில கஷ்டம் கூட, ஏனெண்டா காலிமுகத்திடல்ல கடல் ஏறி இறங்குற உயரம் ஒரு மீட்டர் கூட வராது, மணலைப் புரட்டுறதெல்லாம் அலைதான், அதால வற்றுப்பெருக்கு மணலை எப்பிடி அடுக்கும் எண்டு கண்ணால பாத்துப் பழக வழியில்ல, புத்தகப் படம்தான் கதி, அதில முதல்ல வாறது ஹெரிங்போன்.

நான் மட் ட்ரேப், அதான் மணலுக்கு மேல மெல்லிசாப் படியிற களிப் படலம், அதின்ர பக்கம். ஏனெண்டு சொல்லுறன்.

ஹெரிங்போன் வரோணும் எண்டா பெருக்கும் வற்றும் ஒரே இடத்தில கிட்டத்தட்டச் சம பலத்தோட ஓடோணும். அது அபூர்வம். பெரும்பாலும் ஒண்டுதான் பலம், மற்றது மணல்மேட்டின்ர முகத்தைக் கொஞ்சம் சீவிப்போட்டுப் போயிடும். அப்ப உண்மையான டைடல் மணல்லயே ஹெரிங்போன் இல்லாமப் போகலாம். இன்னொரு சிக்கல், ஆத்து மணல்ல வாற ட்ரஃப் க்ரொஸ் பெட்டிங்கை (தொட்டி மாதிரி வளைஞ்ச குறுக்குப் படை) நீரோட்டத்துக்குக் குறுக்கா வெட்டின முகத்தில பாத்தா அதுவும் ரெண்டு பக்கம் சாஞ்ச மாதிரித்தான் தெரியும். ஒரு முகத்தை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ, செங்குத்தா நிக்கிற மற்ற முகத்தையும் தேடிப் பாருங்கோ.

ஃபிளேசர் பெட்டிங், அதான் ரிப்பிள் (மணல்ல வாற சின்ன அலைவரி) பள்ளங்களில களி தேங்கிக் கிடக்கிறது, அது ஓட்டம் நிண்டு நிண்டு போனது எண்டு மட்டும்தான் சொல்லும். வெள்ளம் வடிஞ்ச ஆத்துப் பக்கத்திலயும் வரும். துணைச் சாட்சி, அவ்வளவுதான்.

இப்ப மட் ட்ரேப். சாஞ்ச படை ஒண்டுக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சு பாருங்கோ: விரல் தடிப்பில மணல், அதுக்கு மேல கோடு மாதிரிக் கறுத்த களி, பிறகு மெல்லிசா மணல், திரும்பக் களி. பலமான ஓட்டம் நிக்கேக்க முதல் களி படிஞ்சது, நடுவில கிடக்கிற மெல்லிய மணல் எதிர் ஓட்டத்தின்ர வேலை, அதுவும் நிக்கேக்க ரெண்டாவது களி. ஆத்தில வெள்ளம் வடியேக்க ஒற்றைக் களி வரலாம், ஆனா இந்தச் சோடி திரும்பத் திரும்ப வராது.

அதோட நிக்காம மணல் கட்டுகளின்ர, அதான் ஒவ்வொரு பலமான ஓட்டமும் போட்ட மணலின்ர, தடிப்பையும் அளக்கோணும். அமாவாசை, பூரணையை ஒட்டித் தடிப்புக் கூடும், இடையில மெலியும். நாளுக்கு ரெண்டு தரம் பெருகுற கடலில ஒரு மெலிவில இருந்து அடுத்த மெலிவு வரைக்கும் கிட்டத்தட்ட 28 கட்டு வரலாம், மெலிவு நாளில மணல் அசையாட்டிக் குறையும். நெதர்லாந்தின்ர ஊஸ்டர்ஷெல்டே கடல் முகத்துவாரத்தில வெட்டின குழிகளில இந்த ஏற்ற இறக்கத்தை விஸ்ஸர் எண்ட ஆய்வாளர் 1980ல காட்டினவர். சந்திரன்ர கணக்கு கல்லில அப்பிடியே கிடக்கிறது எனக்கு இண்டைக்கும் பெரிய அதிசயம்தான்.

இதுக்கும் குறை இருக்கு. தண்ணியில களி இல்லாட்டி ட்ரேப் இல்ல. கடல் வத்தேக்க வெளிய தெரியிற மேடுகளில ரெண்டாவது களி பெரும்பாலும் கிடைக்காது, அங்க சீவின முகங்களைத்தான் தேடோணும்.

எண்ணுறதிலயும் கவனம் தேவை. தென் அவுஸ்திரேலியாவின்ர எலட்டினா எண்ட பழைய பாறைப் படைகளை முதல்ல சூரியப் புள்ளிச் சுழற்சி எண்டுதான் வாசிச்சவை, பிறகுதான் வற்றுப்பெருக்கு எண்டு திருத்தி, 60 கோடி வருசத்துக்கும் முந்தி வருசத்துக்கு 400 நாள், நாளுக்கு கிட்டத்தட்ட 22 மணித்தியாலம் எண்டு கணக்கெடுத்தவை. அதால பீல்டுக்குப் போகேக்க டேப் ஒண்டு கொண்டுபோங்கோ, கட்டுக் கட்டாத் தடிப்பை எழுதுங்கோ, போட்டோ மட்டும் காணாது.