கிளாரினெட்டுக்கு முதலில் எண்ணெயா, மூச்சா?

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த மரக் கிளாரினெட்டை மீண்டும் எடுப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: ஊதுவதற்கு முன்பே, காற்று செல்லும் உள்துளைக்கு எண்ணெய் பூசலாம், அல்லது எண்ணெயைத் தொடாமல், தினமும் சிறிது நேரம் மட்டும் ஊதி மரத்தைப் பழக்கலாம்.

குளிரூட்டிய அறையின் அலமாரியில் 12 ஆண்டுகள் இருந்த என் மாமாவின் கிளாரினெட்டைத் திறந்தபோது, மேல் பாகத்தின் முனையிலிருந்த உலோக வளையம் கட்டைவிரல் பட்டதுமே சுழன்றது. மரம் ஈரமிழந்து சுருங்கியிருந்தது.

பெரும்பாலான மரக் கிளாரினெட்டுகள் ஆப்பிரிக்கக் கருமரத்தால், அதாவது தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்ந்த மரத்தால் செய்யப்படுகின்றன. மூச்சின் ஈரத்தால் உட்புறம் திடீரென உப்ப, வெளிப்புறம் காய்ந்தே இருக்கும்போதுதான் அதில் விரிசல் விழுகிறது. எண்ணெய் அந்த ஈரம் உள்ளே புகும் வேகத்தைக் குறைக்கும் என்பது முதல் தரப்பின் வலுவான வாதம். ஆனால் மரம் இழந்த நீரை எண்ணெய் ஈடுசெய்யாது. தாராளமாகப் பூசினால், விரல் துளைகளின் வழியே கசிந்து, துளைகளை மூடும் சிறு மெத்தைகளான பேடுகளைக் கெடுத்துவிடும்.

எனவே மூச்சுக்கே முதலிடம் தருவேன். ஈரப்பதம் தரும் பொட்டலத்தோடு பெட்டியை மூடிவைத்து, வளையம் இறுகிய பிறகு, முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் ஊதி, ஒவ்வொரு முறையும் துணியை இழுத்து உள்துளையைத் துடைத்தேன். இதற்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களின் கருவிதான் பெரும்பாலும் மேல் பாகத்தில் பிளக்கிறது.

ஒரு மாதம் கழிந்தும் உள்துளை சாம்பல் பூத்தாற்போல் மங்கியே இருந்ததால்தான் எண்ணெயை எடுத்தேன். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாகப் படியும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெயோ ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். வாதுமை எண்ணெயோ, கிளாரினெட்டுக்கென்றே விற்கப்படும் கனிம எண்ணெயோ போதும். கனிம எண்ணெய் நாள்பட்டாலும் கெட்டுச் சிக்கு வாடை அடிக்காது என்பதால் எனக்கு அதுவே உகந்தது. பேடுகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, துணியில் ஐந்தாறு சொட்டு மட்டும் விட்டு இழுத்து, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். இணைப்புக் கார்க்குகளுக்கு எண்ணெய் படாமல், அவற்றுக்கான கிரீஸையே தனியே தடவினேன்.

எபோனைட் (கெட்டி ரப்பர்) அல்லது பிளாஸ்டிக் கருவிக்கு இந்த எண்ணெய் தேவையே இல்லை.