கேத்தல் எத்தனை வாட்: லேபிளா, ஓம் மீட்டரா, கிளாம்பா?

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். அதன் கடைசி வீட்டில் ஒரு கரண்ட் கேத்தல் இருக்கிறது. காலையில் ஐந்து நிமிடத்தில் கொதித்துவிடும், இருட்டினால் ஏழு நிமிடத்துக்கு மேல் இழுக்கும். "எலிமெண்ட் போயிருச்சாம் தம்பி, கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார் அந்த வீட்டு அக்கா. எலிமெண்ட், அதாவது உள்ளே சூடாகும் கம்பி, போயிருந்தால் காலையில் மட்டும் எப்படி ஒழுங்காக வேலை செய்யும்? ஒரு சாமான் எத்தனை வாட் எடுக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்து நான்கு வழி உண்டு. நான்கையும் அந்த ஒரே கேத்தலில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் லேபிள். கேத்தலைக் கவிழ்த்தால் 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்று இருந்தது. இரண்டு இரண்டு எண்ணாகப் போட்டு மழுப்புகிறார்கள் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்துப் பாருங்கள். வருவது ஓம், அதாவது எலிமெண்ட் கரண்ட் ஓட்டத்தை எவ்வளவு மறிக்கிறது என்ற தடையின் அளவு. 220க்கு 1850 என்றால் 26.16 ஓம். 240க்கு 2200 என்றால் 26.18 ஓம். தடை ஒன்றேதான், வோல்ட் மாறுவதால் வாட் மாறுகிறது. வாங்கும்போது இந்தக் கணக்கு போதும். 2200ஐ 240ஆல் வகுத்தால் 9 அம்பியருக்கு மேல் வருகிறது, ஆகவே 5 அம்பியர் பிளக்கில் இதைச் சொருகக் கூடாது. ஆனால் வீட்டுக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்பது லேபிளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பது. பிளக்கைக் கழற்றி, கேத்தலின் சுவிட்சைப் போட்டுவிட்டு (போடாவிட்டால் மீட்டர் ஒன்றும் காட்டாது) பிளக்கின் இரண்டு கால்களிலும் முனைகளை வைத்தேன். 26 காட்டியது. எலிமெண்டுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வழி உயிர் இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கத்தான் நல்லது. வாட் கணக்குக்கு இதை எல்லா இடத்திலும் நம்பினால் ஏமாந்துபோவோம். கேத்தலின் நிக்ரோம் கம்பி சூடானாலும் தடை அவ்வளவாக மாறாது. பழைய 60 வாட் குண்டு பல்பைக் குளிர்ந்த நிலையில் அளந்தால் 60, 70 ஓம்தான் வரும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 700, 800 வாட் என்று நிற்கும். எரியும்போது அதன் தடை 880 ஓமைத் தொடுகிறது. எல்ஈடி பல்பு, பிரிட்ஜ் பக்கம் இந்த வழியில் போகவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: சாமான் ஓடும்போதே வோல்ட்டையும் அம்பியரையும் பிடிப்பது. பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். அம்பியருக்கு, கம்பியை வெளியே கவ்வி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஒரு கம்பியை மட்டும்தான் அதன் வாய்க்குள் விட வேண்டும். முழு வயரையும் கவ்வினால் போகிற ஓட்டமும் வருகிற ஓட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் காட்டும். அதற்காகவே கம்பிகளைத் தனித்தனியாகப் பிரித்த ஒரு எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறேன். சாதாரண மல்டிமீட்டரை அம்பியரில் வைத்துக்கொண்டு பிளக்கின் ஓட்டைகளில் மட்டும் குத்திவிடாதீர்கள், அது நேரடி ஷார்ட்.

காலையில் 224 வோல்ட், 8.5 அம்பியர். பெருக்கினால் 1904 வாட். மாலை ஆறரைக்கு 190 வோல்ட், 7.2 அம்பியர், அதாவது 1368 வாட். இரண்டு நேரமும் வகுத்துப் பார்த்தேன், தடை அதே 26.4 ஓம். வோல்ட் 15 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது, வாட்டோ 28 சதவீதம் இறங்கிவிட்டது. வோல்ட் இறங்கினால் அம்பியரும் கூடவே இறங்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். 15 பாகையில் இருக்கும் 1.7 லீட்டரை அதுவரை ஏற்ற 1904 வாட்டுக்கு ஐந்து நிமிடம் போதும், 1368 வாட்டுக்கு ஏழு நிமிடம் வேண்டும். அக்கா சொன்ன கணக்கு அப்படியே பொருந்தியது.

இன்னொன்றும் இந்த வழியில்தான் தெரிந்தது. அதே மாலையில் கேத்தலை நிறுத்தியதும் 208 வோல்ட், போட்டதும் 190. பதினெட்டு வோல்ட் எங்கே போனது? 18ஐ 7.2ஆல் வகுத்தால் 2.5 ஓம். அது வழியில் இருக்கும் கம்பியின் தடை. 130 வாட் அங்கேயே சூடாகி வீணாகிறது. மெயின் போர்டிலும் அதே 190 காட்டியதால் குற்றம் குசினி வயரிங்கில் இல்லை, வெளிக் கம்பியில். தலவாக்கலையில் தண்ணீரை மறித்து மேல் கொத்மலையில் 150 மெகாவாட் எடுக்கிறார்கள். கடைசியில் லயத்துக்கு வரும் மெல்லிய கம்பியில்தான் எல்லாம் முக்கி முனகுகிறது!

கையில் ஒரு கருவியும் இல்லாதவர்களுக்கு நான்காவது வழி: இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தொங்கும் கரண்ட் மீட்டர். ஒரு யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்று எழுதிய மீட்டரானால், மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு நிமிடத்தில் சிவப்பு விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணி 37.5ஆல் பெருக்கினால் வாட். மாலையில் 37 எண்ணினேன். 1387 வாட், கிளாம்ப் சொன்னதற்குப் பக்கத்திலேயே. பிரிட்ஜ், மோட்டார் போன்றவற்றுக்கு இதுவே கிளாம்பைவிட மேல். அங்கே வோல்ட்டும் ஓட்டமும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை, சும்மா பெருக்கினால் வாட் கூடுதலாக வந்துவிடும். ஓமும் கம்பித் தடையும் மட்டும் இதில் தெரியாது.

மெதுவாகக் கொதித்தால் பில் ஏறுமா என்று அக்கா கேட்டார். பெரிதாக ஏறாது, எப்படியும் ஒரு தடவைக்கு 0.16 யூனிட் அளவில்தான். புதுக் கேத்தல் வாங்கவில்லை. மாலையில் லைட்டெல்லாம் எரிய முன்னே, நாலு மணிக்கே கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்கிறார்.