சமையலறை அலமாரி முதல் பின்கதவு வரை: எந்த வேலைக்கு எந்தப் பலகை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுப் பழுதுகளைத் தம் கையாலேயே சரிசெய்ய முற்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேலைகளில்தான் முதலில் இறங்குகிறார்கள்: பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஊறிப்போன அலமாரி, பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத் தட்டு அல்லது படிப்பு மேசை, அடிப்பாகம் அரிக்கப்பட்ட பின்கதவின் நிலை. இவற்றுக்கு சிப்போர்டு, எம்.டி.எஃப்., ஒட்டுப்பலகை, கித்தா (ரப்பர்) மரப் பலகை, மெராந்தி, செங்கால் என்ற காட்டு மரங்கள் ஆகியவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கையிலிருக்கும் ஒரே பலகையால் மூன்று வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைப்பதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் எதுவரை வரும், கறையான் எங்கிருந்து ஏறும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே விலையைக் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் ஊரில் தனி அழுத்தம் உண்டு. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அத்தகைய காற்றில், நிழலில் கிடக்கும் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டு அளவு நீரை எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு முன் வீட்டைச் சீர்செய்வது நம்மவர் வழக்கம்; ஆனால் பேராக்கின் உட்பகுதியில் மழை கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் அவையே என்பதால், அப்போது வாங்கும் பலகையை ஓரிரு வாரம் வீட்டுக்குள் காற்றோட்டமாக அடுக்கிவைத்து, அந்த அறையின் ஈரத்துக்குப் பழகவிட்ட பிறகே அளந்து வெட்டுவது நல்லது. தோட்ட நிலங்களில் எழுந்த தாமான்களில் (குடியிருப்புகளில்), மண்ணுக்குள் விடப்பட்ட பழைய வேர்களும் அடிக்கட்டைகளும் கறையானுக்கு இரையாவதும் உண்டு. அங்கு பெருகிய கூட்டம் பின்னர் தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது.

விலையில் மிகக் குறைந்தது சிப்போர்டு. ஆயத்தமாக விற்கப்படும் அலமாரிகளில் பல, மெலமைன் தாள் ஒட்டிய இந்தப் பலகையால் ஆனவையே. மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்யப்படுவதால், தாள் உரிந்த ஓரத்தில் நீர் புகுந்ததும் அழுத்தப்பட்ட துகள்கள் பழையபடி விரிகின்றன. எத்தனை நாள் காயவைத்தாலும் அந்த வீக்கம் முழுமையாக இறங்காது. ஆகவே தொட்டியின் அடியில் வீங்கிய சிப்போர்டைப் பூச்சால் மறைக்கும் முயற்சியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பலகையை முழுதாக எடுத்துவிட வேண்டும். உலர்ந்த அறையில் கீல் மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. தேய்ந்த திருகாணித் துளையைச் சற்று அகலமாகத் துளைத்து, அதில் உருண்டை மர ஆணியைப் பசையோடு அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு மீண்டும் திருகினால், கீல் புதிதுபோல் பிடிக்கும்.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை சிப்போர்டைவிட நுண்மையானது. முகம் வழவழப்பாக இருப்பதால், சாயம் பூசிய கதவுகளுக்கு இதற்கு ஈடு குறைவு. ஆனால் கனமானது, 8 அடிக்கு 4 அடி அளவில் 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு முழுப் பலகை ஏறத்தாழ 40 கிலோ வரும். அதே அளவு ஒட்டுப்பலகை சுமார் 30 கிலோதான். விளிம்பில் முன்துளை இல்லாமல் திருகாணியைச் செலுத்தினால் எம்.டி.எஃப். பிளந்துவிடும். அறுக்கும்போது எழும் தூள் மாவுபோல் நுண்மையானது; அதில் மரத்தோடு ஃபார்மால்டிஹைட் கலந்த பிசினும் இருப்பதால், முகக்கவசமின்றி இதை அறுக்கவே கூடாது. ஈரம் தாங்கும் வகையைப் பல தயாரிப்பாளர்கள் பச்சை நிறமூட்டி விற்கிறார்கள். அதுவும் தெறிக்கும் நீரைத்தான் தாங்கும், தேங்கும் நீரை அன்று.

பின்கட்டுச் சமையலறைக்கு என் தேர்வு ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றின் இழை அடுத்ததன் இழைக்குக் குறுக்காக வருமாறு, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டிச் செய்வதால், ஈரத்தில் அது அகலவாட்டில் விரிவது மிகக் குறைவு. திருகாணியையும் தன் முகத்தில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லா ஒட்டுப்பலகையும் ஒன்றல்ல. தரத்தை முடிவுசெய்வது மரத்தைவிடப் பசைதான். யூரியா பிசினால் ஒட்டியது உள்ளறைக்கு மட்டுமே உகந்தது. மெலமைன் கலந்தது அதைவிட ஈரம் தாங்கும். ஃபீனால் பிசினால் ஒட்டியது கொதிநீரையும் தாங்கக்கூடியது. அதன் விளிம்பில் பசைக்கோடுகள் கரும்பழுப்பாகத் தெரியும். கடைக்காரர் கப்பலுக்குரிய தரம் என்று சொன்னாலும், ஒரு சிறு வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. தகடுகள் பிரிந்தால் அந்தப் பலகை தொட்டியின் அடிக்கு ஆகாது. விளிம்பை உற்றுப் பார்த்து நடுத்தகடுகளில் பொந்துகள் இருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பொந்துகளில் திருகாணி பிடிக்காது, நீரும் தங்கும்.

ஒட்டுப்பலகையின் பலவீனமான இடம் அதன் விளிம்பே. வெட்டிய ஒவ்வொரு ஓரத்திலும், தொட்டிக் குழாய்க்காகப் போட்ட துளையின் உள்வட்டத்திலும், இரண்டு மூன்று முறை பாலியூரித்தேன் பூச்சு இட்டு அடைத்துவிட வேண்டும். அலமாரியின் உடலுக்கு 18 மில்லிமீட்டரும், பின்புறத்துக்கு 6 அல்லது 9 மில்லிமீட்டரும் போதும். நம் பின்கட்டுத் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால், அலமாரி நேரடியாகத் தரையைத் தொடாமல், நான்கு அங்குல உயரத்துக்கு ஓடு பதித்த செங்கல் மேடையிலோ பிளாஸ்டிக் கால்களிலோ நிற்க வேண்டும். உண்மையில் பலகையின் தரத்தை உயர்த்துவதைவிட இந்த நான்கு அங்குலமே அலமாரியின் ஆயுளைக் கூட்டும். அலுமினிய அலமாரிகள் நீருக்கும் கறையானுக்கும் அஞ்சாதவை. ஆனால் பிற்பாடு ஒரு தட்டை நகர்த்தவோ கதவை மாற்றவோ மரத்தில் கிடைக்கும் எளிமை அவற்றில் கிடைப்பதில்லை.

படிப்பு மேசைக்கும் புத்தகத் தட்டுக்கும் வரும்போது நான் தயங்காமல் கித்தா மரப் பலகையைச் சொல்வேன். எங்கள் மாவட்டத்தின் கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் இனத்தை நம்பியே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்த மரங்களை வெட்டியபோது, அந்தக் கட்டை நீண்ட காலம் அடுப்புக்கும் சூளைக்கும், கித்தாத் தாள்களைப் புகையிடும் கூடத்துக்கும் விறகாகவே போயிற்று. அது இன்று நல்ல மேசையாகிறது என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு. ஆயினும் என் பரிந்துரைக்குக் காரணம் அந்தப் பற்று மட்டுமன்று. கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ வரையான அடர்த்தியோடு, இழைப்புளிக்கு எளிதில் இணங்கி, உப்புத்தாளில் வழவழப்பாகி, வெளிர் நிறத்தால் எந்தச் சாயத்தையும் சீராக ஏற்கும் மரம் இது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கித்தா மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதனால் அறுத்த சில நாட்களுக்குள் நீலக்கறைப் பூஞ்சணம் பிடித்துவிடும், துளைக்கும் வண்டுகளும் வந்துவிடும். ஆலைகளில் அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்துவது இதற்காகத்தான். தோட்டத்தில் சாய்ந்த மரத்தைத் தெரிந்த அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக்கிக்கொண்டால் இந்த மருந்தேற்றம் நடப்பதில்லை. அந்த மேசையின் அடியில் சில மாதங்களிலேயே மாவுபோன்ற தூள் கொட்டத் தொடங்கலாம். மேலும் போரான் நீரில் கரைவது. மழையோ கழுவு நீரோ தொடர்ந்து படும் இடத்தில் மருந்து கரைந்து வெளியேறியபின், அந்த மரத்துக்கென்று இயற்கையான எதிர்ப்புச் சக்தி எதுவும் மிஞ்சாது. ஆகவே கடைவீட்டின் முன்னுள்ள ஐந்தடி வழியில் போடும் இருக்கைக்கோ, வெளிக்கதவுக்கோ, பின்கட்டு அலமாரிக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது.

கடையில் கிடைப்பது சிறு துண்டுகளை விரல்கோத்தாற்போல் இணைத்து ஒட்டிய அகலப் பலகை. மரம் நீளவாட்டில் அசைவதில்லை என்றே கொள்ளலாம்; அகலவாட்டில் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். இரண்டடி அகல மேசைப்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசையிட்டு இறுக்கிவிட்டால், குளிரூட்டி வைத்த அறையில் ஈரம் குறையும்போது அது வெடிக்கவோ வளையவோ செய்யும். சட்டத்தில் திருகாணித் துளையை நீள்வட்டமாகத் துளைத்து, பலகைக்குச் சற்று நகர இடம் கொடுத்தால் இந்தத் தொல்லை நீங்கும். ஒட்டுப்பலகையில் இந்தக் கவலை இல்லை; ஆனால் அதன் விளிம்பை மறைக்க மரப்பட்டி ஒட்ட வேண்டும். மேசையில் முழங்கை படும் ஓரத்தைத் திடமான கித்தா மரத்தில்தான் அழகாக உருட்டி இழைக்க முடியும். உள்ளறை இணைப்புகளுக்குச் சாதாரண வெள்ளைப் பசையே போதும்; ஈரம் படும் அலமாரிக்கு நீர் தாங்கும் வகைப் பசையையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையும் வாங்க வேண்டும்.

கதவு நிலையில் பலகை வகைகள் எதற்கும் இடமில்லை. அங்கே போட்டி மெராந்திக்கும் செங்காலுக்கும் இடையில்தான். வெளிர்சிவப்பு மெராந்தியின் அடர்த்தி கன மீட்டருக்கு 385 முதல் 755 கிலோ வரை விரிந்திருப்பதால், ஒரே அடுக்கிலுள்ள சட்டங்களைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும். செங்கால் 915 முதல் 980 கிலோ வரை அடர்ந்தது. கறையானையும் அழுகலையும் தன் இயல்பாலேயே எதிர்க்கும். விலை மிக அதிகம். கைரம்பமும் உளியும் அதில் விரைவில் மழுங்கும், முன்துளை இல்லாமல் ஆணி இறங்காது. முழு நிலையையும் செங்காலில் செய்ய வேண்டிய தேவை சாதாரண வீட்டுக்கு இல்லை. அரிக்கப்பட்ட அடிப்பாகத்தை ஓரடி உயரத்துக்குச் சாய்வாக வெட்டியெடுத்து, அந்த அளவுக்குச் செங்கால் துண்டைப் பொருத்தி, எப்பாக்சிப் பசையும் இரண்டு நீண்ட திருகாணிகளும் இட்டு மேலுள்ள மெராந்தியோடு இணைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. பிரிக்கப்படும் பழைய தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து இதற்கான துண்டு சில நேரம் கிடைக்கும். அதன் பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். இழைப்பதற்கு முன் உள்ளே புதைந்த ஆணிகளையும் தேடி எடுத்துவிட வேண்டும்.

இந்த வேலையைத் தொடங்குமுன் சுவரிலும் தரை ஓரத்திலும் கறையானின் மண்பாதைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அவற்றை உடைத்துவிட்டு நிலையை மாற்றுவது பயன்படாது, ஏனெனில் மண்ணுக்குள் இருக்கும் கூட்டம் வேறு வழியாகப் பாதை கட்டி, மேலுள்ள மெராந்திக்குப் போய்ச் சேரும். மண்ணுக்கு மருந்திடுவது உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரின் வேலை. அது முடிந்தபின் புதுத் துண்டைப் பொருத்தி, அதன் அடிமுகத்தைப் பூச்சால் அடைத்து, தரைக்கும் மரத்துக்கும் இடையில் சிறிது இடைவெளி விட்டு நிறுத்தலாம்.