லிங்க்கர் பிழைக்கு எது தீர்வு: மேக்ஃபைல் வரியைத் திருத்துவதா, சிமேக் டார்கெட்டுகளா?

நிரல் முழுவதும் ஒழுங்காகக் கம்பைல் ஆன பிறகு ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ (பயன்படுத்திய பெயரின் வரையறை கிடைக்கவில்லை) என்று, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க்கர் மறுத்தால், குறை பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை. எந்த லைப்ரரியை எந்த வரிசையில் கொடுத்தோம் என்பதில்தான் இருக்கிறது. பில்டு கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலின் லிங்க் வரியைக் கையால் திருத்தலாம். அல்லது அந்த வரியை அமைக்கும் வேலையை, பில்டு கோப்புகளைத் தானே உருவாக்கும் சிமேக்கின் டார்கெட்டுகளிடம் (ஒவ்வொரு செயலியையும் லைப்ரரியையும் குறிக்கும் பெயர்கள்) விட்டுவிடலாம். பல ஸ்டாட்டிக் லைப்ரரிகளாக (இறுதி நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படுபவை) பிரிந்திருந்த ஒரு சி++ திட்டத்தை நான் இரண்டாவது வழிக்கு மாற்றினேன்; என் சாய்வும் அந்தப் பக்கமே.

மேக்ஃபைலில் எதுவும் மறைந்திருப்பதில்லை என்பது உண்மைதான். குனூ லிங்க்கர் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் பார்த்து, அதுவரை தீராமல் நிற்கும் சிம்பல்களுக்கு (ஃபங்ஷன், மாறிப் பெயர்கள்) வேண்டிய ஆப்ஜெக்ட்டுகளை, அதாவது கம்பைல் ஆன கோப்புகளை, மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே லைப்ரரியை அதைப் பயன்படுத்தும் கோப்புக்குப் பின்னால் நகர்த்தினாலே பல பிழைகள் மறைந்துவிடும். இரு லைப்ரரிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அவற்றை ‘ஸ்டார்ட்-குரூப்’, ‘எண்ட்-குரூப்’ ஆகியவற்றுக்கு இடையே வைக்கலாம். தேடல் திரும்பத் திரும்ப நடப்பதால் நேரம் மட்டும் கூடும்.

ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது முதல் திருத்தம் அன்று, அதற்குப் பிந்தைய பராமரிப்பு. உள் லைப்ரரி ஒன்று, தரவைச் சுருக்கும் வெளி லைப்ரரியான இசட்லிப்பைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது என்று கொள்வோம். கையால் எழுதிய மேக்ஃபைலில், அந்த உள் லைப்ரரியை இணைக்கும் ஒவ்வொரு செயலியின் வரியிலும், ஒவ்வொரு சோதனை நிரலின் வரியிலும், சரியான இடம் பார்த்து இசட்லிப்பைச் சேர்க்க வேண்டும். விடுபட்டது எது என்பது அது உடையும்போதுதான் தெரியும். சிமேக்கில் அந்த உள் லைப்ரரியின் ‘டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ்’ கட்டளையில் ஒருமுறை எழுதினால் போதும். சார்பு மேல்நோக்கித் தானே பரவுகிறது. ‘பிரைவேட்’ (உள் பயன்பாட்டுக்கு மட்டும்) என்று குறித்தாலும், ஸ்டாட்டிக் லைப்ரரியாக இருந்தால் லிங்க் தேவை கடத்தப்படும். ஹெடர் பாதைகளும் கம்பைல் அமைப்புகளும்தாம் தடுக்கப்படும். சுழற்சிச் சார்பு இருந்தால் சிமேக்கே அந்த லைப்ரரிகளை வரியில் மீண்டும் எழுதிக்கொள்கிறது.

இதைவிட நான் மதிப்பது பிழை தோன்றும் இடத்தை. இசட்லிப்புக்கு வெறும் ‘இசட்’ என்று எழுதினால், அப்படியொரு டார்கெட் இல்லாதபோது சிமேக் அதைச் சத்தமின்றி ‘-எல்’ ஃபிளாக்காக்கி லிங்க்கரிடம் தள்ளிவிடும். ‘இசட்லிப்::இசட்லிப்’ என்று எழுதினால், அது டார்கெட்டாகவே இருந்தாக வேண்டும். லைப்ரரியைத் தேடி அந்த டார்கெட்டை உருவாக்கும் ‘ஃபைண்ட்_பேக்கேஜ்’ கட்டளை விடுபட்டிருந்தால், ஒரு கோப்பும் கம்பைல் ஆவதற்கு முன்பே, சிமேக் பெயரைச் சொல்லி நிறுத்திவிடும்.

நிறுவிய லைப்ரரிக்குத் தேவையான ஃபிளாக்குகளைச் சொல்லும் கருவியான பிகேஜி-கான்ஃபிக் வெளி லைப்ரரிகளுக்கு நன்று (ஸ்டாட்டிக் இணைப்புக்கு ‘--ஸ்டாட்டிக்’ தர மறக்கக் கூடாது). உள் லைப்ரரிகளுக்கு அதை அமைப்பது வீண் உழைப்பு.

சிமேக்கின் குறை, உண்மையான லிங்க் வரி கண்ணில் படாதது. ‘--வெர்போஸ்’ கொடுத்துப் பில்டு செய்தோ, சிமேக் மேக்ஃபைல்களை உருவாக்கும்படி அமைத்திருந்தால் ‘லிங்க்.டிஎக்ஸ்டி’ கோப்பைத் திறந்தோதான் பார்க்க வேண்டும். லைப்ரரி தேடும் அடைவுகளைக் கொடுக்கும் பழைய ‘லிங்க்_டைரக்டரீஸ்’ பாணியில் எழுதிய சிமேக் கோப்பு மேக்ஃபைலைவிட எவ்விதத்திலும் மேலன்று. விண்டோஸில் என் அனுபவம் குறைவு. அங்கே கம்பைலரின் ரன்டைம் லைப்ரரி (நிரல் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரி) தேர்வு கோப்புகளிடையே முரண்படும்போது வரும் எல்என்கே2038 பிழைக்குச் சிமேக் 3.15 முதல் தனி மாறி இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். ஒரே செயலியும் இரண்டு லைப்ரரிகளும் மட்டுமே உள்ள சிறு திட்டத்திற்கு, மேக்ஃபைலை விட்டு மாறுமாறு நான் சொல்ல மாட்டேன்.