1880களின் பிலடெல்ஃபியா: மகளிர் வடிவமைப்புப் பள்ளியா, அகாடமியா?

பெண்களின் கலைக்கல்வி வரலாற்றைப் படிப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. படம் வரையக் கற்க ஆசைப்பட்ட அன்றைய பெண்ணுக்கு, அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் இருந்த இந்த இரண்டு கலைப்பள்ளிகளில் எது தோதானது?

நோக்கம்:
பள்ளி – 1848இல் சாரா பீட்டர் தன் வீட்டிலேயே தொடங்கியது. பெண்கள் சம்பாதித்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
பென்சில்வேனியா அகாடமி – 1805 முதல் நுண்கலை.

பாடம்:
பள்ளி – மரக்கட்டை அச்சு, லித்தோகிராஃபி (கல்லச்சு), துணிக்கும் சுவர்த்தாளுக்கும் டிசைன்.
அகாடமி – உடற்கூறு, உருவ ஓவியம்.

ஆடையில்லாமல் நிற்கும் மாடலைப் பார்த்து வரைவதில்தான் உண்மையான சிக்கல். அகாடமி பெண்களுக்கு அந்த வகுப்பைத் திறந்ததே 1868இல். 1886இல், பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத்துணியை அகற்றியதற்காக, அகாடமியில் பாடம் நடத்திய ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் வேலையை இழந்தார். அதே ஆண்டு பள்ளியின் தலைமைக்கு வந்த எமிலி சார்ட்டெய்ன், அங்கேயும் மாடல் வகுப்புகளைக் கொண்டுவந்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் பள்ளி; ஓவியராகவே வாழ வேண்டுமென்றால், வீட்டில் வசதியும் இருந்தால், அகாடமி. இரண்டும் வேண்டுமா? ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித் முதலில் பள்ளியில் சேர்ந்தார், அப்புறம் அகாடமிக்குப் போனார்; பத்திரிகை ஓவியராகப் பெரும்புகழ் பெற்றார். பள்ளியோ 1932இல் மூர் நிறுவனத்தோடு இணைந்து, இன்றும் மூர் கலைக் கல்லூரியாக நடக்கிறது.